செவ்வாய்க்கிழமை என்னுடையது

ஜூலை 2, செவ்வாய்

நூல் கம்பெனியில் என் மகன் பூபதிக்குக் கொடுத்த டைரி ஆறு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் ரெபெக்கா டீச்சர் கொடுத்த நோட்டு தனியாக இருக்கிறது. அதில் கட்டம் போட்டிருக்கிறது. பேத்தி பிரணிதா எந்த வார்த்தையில் திக்கி நின்றாள், எத்தனை தடவை, யாரிடம் பேசும்போது என்று தினமும் எழுத வேண்டும். வேறு எதுவும் எழுத அதில் இடமில்லை. எனக்கு எழுத நிறைய இருக்கிறது.

அந்த நோட்டை டீச்சர் என் கையில்தான் கொடுத்தார். மருமகள் மைதிலி பி.காம். அவளும் பக்கத்தில்தான் நின்றாள். "அப்பத்தா தானே எப்பவும் கூட இருக்காங்க, அவங்களே எழுதட்டும்" என்றார். நான் படித்தது அஞ்சாவதுதான். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் பிழை கண்டுபிடிக்கிற அஞ்சாவது.

ஒவ்வொரு செவ்வாயும் ஆறே முக்கால் பஸ். ஏழு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரி. எட்டு மணிக்குச் சீட்டு கொடுக்கிற ஜன்னலைத் திறப்பார்கள். அதுவரைக்கும் யாரும் வரிசையில் நிற்பதில்லை. செருப்போ குடையோ இருப்பதைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்த வரிசையைப் பார்த்துக்கொள்வது நான். யாரும் நியமிக்கவில்லை. இரண்டு வருடமாக வருகிறேன், தானாக வந்து சேர்ந்த பொறுப்பு.

"ஆத்தா, நம்முளுது எத்தனாவதுங்க?"

"அந்தப் பச்சைக் குடைக்கு அடுத்தது நீதான். போயி நிம்மதியா டீயக் குடி."

சீட்டில் எந்த அறை எண் போட்டிருக்கிறது என்றும் என்னிடம்தான் காட்டுவார்கள்.

பிரணிதா என் மடியில் சாய்ந்துகொண்டு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "அ… அப்பத்தா, ப… ப…"

"பன்னா? இரு சாமி, வாங்கியாறேன்."

வாங்கிக் கொடுத்தேன். பாதியைத் தின்றுவிட்டு மீதியை நாய்க்குப் போட்டாள். அவள் வாயைத் திறந்தாலே எனக்குத் தெரிந்துவிடும். பெற்றவளுக்குக்கூட அது தெரியாது.

ஜூலை 9, செவ்வாய்

இன்றைக்குப் போனால் என் பெஞ்சைக் காணோம். ஃபேனுக்கு நேர் கீழே, ஜன்னலோரம், இரண்டு வருடமாக நான் உட்கார்ந்த இடம். பெஞ்சைத் தூக்கி மருந்து கொடுக்கிற பக்கம் போட்டுவிட்டார்கள். அங்கே காற்றே வராது.

என் இடத்தில் சிவப்பும் நீலமுமாகப் பாய் விரித்திருந்தது. பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் ஓர் அடுக்கு. அதில் புத்தகங்கள் முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. யானை, குரங்கு, குடை பிடித்த தவளை. 'காத்திருக்கும் குழந்தைகளுக்கு' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தது. எழுத்து அச்சடித்த மாதிரி. பார்த்தவுடனே அது யார் கை என்று தெரிந்துவிட்டது.

"வாங்க சம்பந்தி! உங்க எடத்தப் புடிச்சுட்டேனுங்களா?"

மைதிலியின் அம்மா சுலோச்சனா. தலைமை ஆசிரியையாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். மொடமொடவென்று கஞ்சி போட்ட சேலை. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தும் மடிப்புக் கலையவில்லை. அது எப்படி என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

"எடமென்னங்க எடம், ஆஸ்பத்திரி நம்ம அப்பன் ஊட்டுதா" என்றேன்.

"ஒரு நாள் பிரணிதாவோட வந்தேனுங்களே, அப்பப் பாத்தேன். அத்தன புள்ளைக மூணு மணி நேரம் செவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்குதுக. பெரிய டாக்டர்கிட்ட எழுதிக் கேட்டேன். சரின்னுட்டார்."

ஒரே ஒரு நாள் வந்தவருக்கு இது தோன்றியிருக்கிறது. நான் இரண்டு வருடமாக வருகிறேன்.

பிரணிதா என் கையை உதறிக்கொண்டு "அம்மாயி" என்று ஓடினாள். அந்த வார்த்தையில் அவள் நிற்கவில்லை. நோட்டில் அதை எழுதவில்லை. நின்றால்தானே எழுதச் சொன்னார்கள்.

ஜூலை 10, புதன்

அரிசிப் பருப்புச் சாதம் அடிப்பிடித்துவிட்டது. முழங்கால் வலி.

ஜூலை 16, செவ்வாய்

பாய் விரிக்கப் போன வாரம் சீக்கிரம் வந்தார், மற்றபடி சம்பந்தி எட்டரை பஸ்ஸுக்குத்தான் வருவார். அதுவரை பிரணிதா பாயில் உட்கார்ந்து யானைப் புத்தகத்தைப் புரட்டுகிறாள். அவர் வந்ததும் ஏழெட்டுப் பிள்ளைகள் சூழ்ந்துகொள்கின்றன. கையில் கட்டுப் போட்டவன், மூக்கு ஒழுகுகிற பிள்ளை, ஊசிக்குப் பயந்து அழுத பிள்ளை, எல்லாம். இவர் புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புக்குச் சொல்கிற மாதிரி எல்லோரையும் ஒன்றாகப் படிக்க வைக்கிறார்.

நான் மருந்து ஜன்னல் பக்கம், காற்று வராத பெஞ்சில் இருந்தேன். அங்கிருந்தே கேட்டது. "யானை குளத்துக்குப் போச்சு. குளத்துல தண்ணியே இல்ல." எட்டுக் குரல். அதில் ஒரு குரல் எனக்குத் தனியாகத் தெரிந்தது. நிற்கவே இல்லை. வாய்க்கால் தண்ணீர் மாதிரிப் போயிற்று. ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று பக்கம். எழுந்து தூண் வரைக்கும் போய்ப் பார்த்தேன். என் பிரணிதாதான். அம்மாயியின் வாயைப் பார்த்துக்கொண்டே படிக்கிறாள்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று யாராவது கேட்பார்கள். நெஞ்சுக்குள் மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி இருந்தது. இரண்டு வருடமாக மூக்குச் சளி சிந்திவிட்டு, பஸ்ஸில் மடியில் போட்டுக் கொண்டுவந்தவள் நான். ஒரு வாரம் பாய் விரித்தவருக்கு வாய் திறந்துவிட்டது.

உள்ளே போனதும் ரெபெக்கா டீச்சரிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். இன்றைக்கு லீவு போட்டுக் கூட வந்திருந்த மைதிலி சொல்லிவிட்டாள்.

டீச்சர் சிரித்தார். "சேந்து படிக்கிறப்ப நிறையப் பிள்ளைகளுக்குத் திக்காதுங்க. அதுல பிள்ளைக்கு ஒரு தைரியம் வரும், நல்லதுதான். ஆனா தனியாப் பேசறதுதான் பெரிய வேலை. அதுக்கு வீட்டுல பொறுமையாக் காத்திருக்கணும். அவ நிக்கிறப்ப மீதிய நீங்க சொல்லி முடிச்சிடக் கூடாது. வீட்டுல யாராச்சும் அப்படி முடிக்கிறீங்களா?"

மைதிலி தரையைப் பார்த்தாள்.

"அதானே, யாரு அப்புடிச் செய்யறது?" என்றேன். சம்பந்திதான் செய்வார். பாடம் நடத்திப் பழகிய வாய்.

ஜூலை 19, வெள்ளி

வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வரும்போது மைதிலி கேட்டாள்.

"அத்தை, உங்களுக்கு முட்டி வலி. அம்மா எப்படியும் செவ்வாக்கெழம அங்க போறாங்கள்ல. அடுத்த மாசத்துல இருந்து அவங்களே பிரணிதாவக் கூட்டிட்டுப் போகட்டுமே. நீங்க ஊட்டுல ரெஸ்ட் எடுங்க."

"எனக்கொண்ணும் முட்டி வலியில்ல."

"நேத்துத் தைலம் தேச்சீங்களே?"

"அது கொசுவுக்கு."

பூபதி கேட்டுக்கொண்டே சாப்பிட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வாயில் வார்த்தை வருவதற்கும் நான்தான் முடித்துக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை போய்விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? மீதி ஆறு நாளும் பிள்ளை பள்ளிக்கூடம், டிவி, அம்மா. செவ்வாய்க்கிழமைதான் முழுசாக என்னுடையது.

ஜூலை 23, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் புது உத்தரவு. கூடத்துக்குள் செருப்பு போட்டு வரக்கூடாது, வாசலிலேயே விட வேண்டும். போர்டு வைத்துவிட்டார்கள். வரிசையில் வைக்க யாரிடமும் எதுவும் இல்லை. இந்த வாரம் மழை இல்லை, குடையும் இல்லை. கைப்பையை வைக்கப் பயம்.

"ஆத்தா, இப்ப என்னத்த வெக்கறது?" என்று கேட்டார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"அங்க அத்தன புத்தகம் சும்மா தானே கெடக்குது. ஆளுக்கொண்ணு எடுத்து வெயுங்க" என்றேன்.

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. தவளைக்கு அடுத்தது நீ, குரங்குக்கு அடுத்தது நீ என்று சொல்ல வசதியாகவும் இருந்தது. எங்கள் இடத்துக்கும் ஒன்று வேண்டும் என்று பிரணிதா கையிலிருந்த யானைப் புத்தகத்தைக் கேட்டேன். அவள் விடவில்லை. "இரு சாமி, இப்பத் தர்றேன்" என்று இழுத்து வாங்கினேன்.

ஏழரைக்குக் கூடம் துடைப்பார்கள். அது எனக்கு மறந்துவிட்டது. நான் அந்த நேரம் கழிப்பறைக்குப் போயிருந்தேன். துடைக்கிற ஆரோக்கியம் பினாயில் தண்ணியைக் கொட்டி மளமளவென்று இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். "எடுங்க, எடுங்க" என்று கத்தினாளாம். ஆட்கள் எல்லாம் டீக்கடையில். எட்டு மணிக்கு வந்த கூட்டம் ஈரத்தில் மிதித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடியது.

எட்டரைக்கு சம்பந்தி வந்தார். கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானையால் துடைத்தார். அந்தக் கஞ்சிச் சேலை அழுக்காவதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"யாருங்க சம்பந்தி இத இங்க வெச்சது?"

பிரணிதா எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "பு… பு… புத்தகத்த அ…"

"புத்தகம் நனஞ்சு போச்சேன்னு வெசனப்படறா, பாவம்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

ஜூலை 24, புதன்

பிரணிதா பேசவில்லை. நோட்டில் எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 26, வெள்ளி

ராகி உருண்டை பிடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அம்மாவிடம் போய் உட்கார்ந்து தின்றாள். மைதிலியிடம் பேசுகிறாள், பூபதியிடம் பேசுகிறாள். நான் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுகிறாள்.

"என்ன சாமி வேணும்? தண்ணியா?" என்றேன். தலையாட்டினாள், இல்லை என்று. "தோசையா?" இல்லை. "அப்பத்தா மேல கோவமா?" அதற்குத் தலையை ஆட்டவில்லை. எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 30, செவ்வாய்

அடுக்கைக் காணோம். பாயைச் சுருட்டி மூலையில் வைத்திருக்கிறார்கள். புத்தகங்கள் ஹெட் சிஸ்டர் அறையில், பீரோவுக்குள். பதினேழு புத்தகம் பாழ். ஊசிக்கு அழுகிற பிள்ளைகள் பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தன. என் பெஞ்சை இன்னும் பழைய இடத்துக்குக் கொண்டுவரவில்லை. கேட்கவும் மனசு வரவில்லை.

துடைக்கிற வேலைக்கு வேறு ஒரு பெண் வந்திருந்தாள். ஆரோக்கியம் எங்கே என்று கேட்டேன்.

"அந்தக்காவ வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. புள்ளைக புத்தகத்து மேல வேணும்னே தண்ணிய ஊத்திருச்சுன்னு பேச்சு. அடுத்த வாரம் விசாரிக்கறாங்களாமா. புத்தகம் வெச்ச டீச்சரம்மாவயும் வரச்சொல்லியிருக்காங்க."

பிரணிதா கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது என் பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டில் யாரோ ஒரு பெண்ணின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

அன்றைக்கு நான் கழிப்பறைக்குப் போகவில்லை. தூணுக்குப் பின்னால் நின்றேன். வாளி வருவதைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. சம்பந்தி வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் எல்லாம் நானே செய்தேன். சம்பந்தி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். "உங்க கைப்பக்குவம் எனக்கு வராதுங்க சம்பந்தி" என்றார். மற்ற நாளாக இருந்தால் ஒரு வாரத்துக்கு அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். இன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை பூபதி வந்துவிட்டான். இரண்டாம் தடவை யாரும் வரவில்லை. ஆனாலும் வார்த்தை வரவில்லை. தொண்டை வரைக்கும் வந்து நின்றது. பிரணிதாவுக்கு இப்படித்தான் இருக்கும் போல.

அவர் சாயந்திரம் கிளம்பும்போது மைதிலியிடம் சொன்னது காதில் விழுந்தது. "ஆரோக்கியம் அப்புடிச் செய்யறவ இல்ல. ஆனா நான் எதுவும் பாக்கலியே, என்னன்னு சொல்லுவேன்?"

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஒன்பது மணிக்கு ஹெட் சிஸ்டர் கூடத்துக்கே வந்துவிட்டார். சுருட்டிய பாய் பக்கத்தில் சம்பந்தி. கொஞ்சம் தள்ளி ஆரோக்கியம், சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு. சீட்டு வாங்கிய கூட்டம் முழுக்க வேடிக்கை பார்த்தது. மைதிலியும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நான் புத்தகத்த வெக்கவே இல்லீங்க சிஸ்டர். தரையில கெடந்துது. எடுங்க எடுங்கன்னு தொண்டை கிழியக் கத்துனேனுங்க. யாருமே வல்ல."

"அலமாரில இருந்த புத்தகம் தானா எறங்கி வந்து வரிசையில படுத்துக்குமா?" என்றார் ஹெட் சிஸ்டர். பிறகு சம்பந்தியைப் பார்த்து, "டீச்சர், இன்னிக்கோட இந்த மூலைய எடுத்துரலாம். எனக்கு நோயாளியப் பாக்கவே நேரமில்ல" என்றார்.

கூட்டத்தில் தவளை வைத்தவரும் இருந்தார், குரங்கு வைத்தவரும் இருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தரும் பேசவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிற மரியாதை. அந்த மரியாதை இன்றைக்கு உடம்பில் முள்ளாகக் குத்தியது.

பிரணிதா மைதிலியின் கையை விட்டுவிட்டு நடுவில் போய் நின்றாள்.

"பு…"

கூடம் முழுக்க அவளைப் பார்த்தது.

"பு… பு… பு…"

கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹெட் சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, சீக்கிரம் சொல்லு." அப்புறம் என்னிடம் திரும்பினார். "நீங்கதான அப்பத்தா? புள்ள என்ன சொல்ல வருது? நீங்களே சொல்லுங்க."

அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும். என்ன வேண்டுமானாலும் சொல்லி முடித்திருக்கலாம். புத்தகம் வேணுமாம், புது பாய் வேணுமாம், பயந்துட்டா சிஸ்டர் என்று. எல்லோரும் நம்பியிருப்பார்கள். போன தடவை நம்பினார்கள். பிரணிதா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அது கோபப் பார்வை இல்லை. பயந்த பார்வை. நான் முடித்துவிடுவேன் என்று பயந்த பார்வை.

"அவளே சொல்லுவா சிஸ்டர். செத்த நேரம் நில்லுங்க" என்றேன்.

சொல்லிவிட்டு முந்தானையை எடுத்து என் வாயில் வைத்துக்கொண்டேன். வைக்காவிட்டால் வந்துவிடும். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. எனக்கு ஆடி மாதம் முழுக்க நின்ற மாதிரி இருந்தது.

"பு… புத்தகத்த… கீழ… வெ… வெக்கச் சொன்னது… எ… எங்க அப்பத்தா." மூச்சு வாங்கினாள். "ஆ… ஆரோக்கியம் அக்கா இல்ல."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மைதிலி "அத்தை?" என்றாள்.

"ஆமாங்க, நாந்தான். வாளி வர்றதயும் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றேன்.

ஆரோக்கியம் என்னிடம் வந்தாள். அடிப்பாளோ என்று நினைத்தேன். "ரெண்டு வருசமா உங்கள ஆத்தான்னு கூப்புட்டனேங்க" என்றாள். ஹெட் சிஸ்டர் அவளை வேலைக்குத் திரும்பச் சொன்னார். போய் வாளியை எடுத்தாள். ஹெட் சிஸ்டர் என்னைத் திட்டினார். கூட்டத்தில் வைத்து, சிறு பிள்ளையைத் திட்டுவது போல. அதை இங்கே எழுத வேண்டியதில்லை. எல்லோரும் கேட்டார்கள்.

சம்பந்தி மட்டும் திட்டவில்லை. நிதானமாகக் கேட்டார். "ஏனுங்க சம்பந்தி, வரிசைக்கு ஒண்ணும் இல்லேன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அட்டை வெட்டி ஒண்ணு, ரெண்டுன்னு எழுதிக் குடுத்திருப்பனே."

அட்டை. நம்பர் எழுதிய அட்டை. இரண்டு வருடமாக வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான், அது எனக்குத் தோன்றவில்லை. அந்த இடத்தில், அத்தனை அவமானத்துக்கு நடுவிலும், அதற்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாயை மறுபடி விரித்தார்கள். நனையாமல் மிஞ்சியது ஆறே புத்தகம். இனி அடுக்கைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் பொறுப்பாக இருந்தால்தான் விடுவேன் என்றார் ஹெட் சிஸ்டர். ஆரோக்கியம் இருக்கிறேன் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மைதிலி பூபதியிடம் எல்லாம் சொன்னாள். "இனி அம்மாவே கூட்டிட்டுப் போகட்டுங்க" என்று முடித்தாள். நான் எல்லோருக்கும் ரசம் ஊற்றினேன். அப்போது பிரணிதா, தட்டில் கையை வைத்துக்கொண்டே, "அப்பத்தா வ… வ…" என்றாள்.

மைதிலி வாயெடுத்தாள். "வேண்டாமா கண்ணு?"

"முடிக்காத" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

மூன்று பேரும் காத்திருந்தோம். ரசம் ஆறியது.

"வ… வரட்டும். ஆனா… நா… நான்தான் பேசுவேன்."

அடுத்த செவ்வாய் ஆறே முக்கால் பஸ். அம்மாயி எட்டரைக்கு வருவார், பாயில் உட்காருவார், பிள்ளைகளோடு பிள்ளையாக இவளும் வாய்க்கால் தண்ணீர் மாதிரிப் படிப்பாள். படிக்கட்டும். எனக்கு எரியும். எரியாது என்று எழுதினால் பொய்.

ஆனால் அங்கே அவள் படிப்பதெல்லாம் எவரோ எழுதி வைத்த வார்த்தை, எட்டுப் பேர் சேர்ந்து சொல்வது. இன்றைக்கு நூறு பேருக்கு முன்னால் தனியாக நின்று சொன்னாளே, அது அவளுடைய சொந்த வார்த்தை. ஒருத்தரும் எடுத்துக் கொடுக்காமல் தானே முடித்தாள். அப்படி அவள் முதன்முதலாகப் பேசியது அம்மாயியைப் பற்றி இல்லை. என்னைப் பற்றி.